றெக்கை வைத்த லாரி

ஜாபெஸ் ஓர் ஆறு சக்கர லாரிக்குச் சொந்தக்காரர். அதற்கு டிரைவரும் அவரே, தேவைப்பட்டால் கிளீனரும் அவரே. மலைமேல் நாகலூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு காப்பி எஸ்டேட்டிலிருந்து மூட்டைகளைச் சேலத்துக்கு இறக்குவதும், சேலத்திலிருந்து உரமும் சிமெண்டும் மேலே ஏற்றுவதும் பதினைந்து வருஷமாக அவருடைய பிழைப்பு. குடியில்லை, சீட்டாட்டம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். கெட்ட பழக்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் உண்டு, மைலேஜ்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவர் கணக்குப் போடாத நாள் கிடையாது. பிரசங்கம் நடக்கும்போதும் விரல்கள் மடங்கி மடங்கி நிமிரும். மனைவி ரூபி பக்கத்திலிருந்து தொடையில் கிள்ளினால்தான் நிற்கும். அதற்குக் காரணம் பிரபாகர். பிரபாகரிடமும் அதே மாதிரி லாரி, அதே ரோடு, அதே லோடு. ஆனால் அவன் வண்டி லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூட ஓடுகிறதாம். சொன்னது பிரபாகர்தான். தன் வண்டி மைலேஜையும் தன் பிள்ளை மார்க்கையும் ஒருவர் சொன்னால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். ஜாபெஸுக்கு மட்டும் அது தெரியவில்லை. அந்த அரை கிலோமீட்டர் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுச் சாலை. ஆகாயம் முட்டும் ஒரு லாரி, அதன் இரண்டு பக்கமும் வழவழவென்று வளைந்த பலகைகள். காற்று நீல அம்புக்குறிகளாக வந்து, பலகையில் பட்டு, சத்தமில்லாமல் நழுவிப் போயிற்று. பலகை இல்லாத லாரியில் அதே அம்புக்குறிகள் சிவப்பாகச் சுழன்று வண்டியைப் பின்னால் பிடித்து இழுத்தன. ஜாபெஸ் அதைப் பதினோரு தடவை பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன் டீசலைக் குடித்தது யார் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. காற்று!

அவரைக் குருட்டாம்போக்கில் காரியம் செய்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். லாரியின் அகலம் இரண்டு மீட்டர் அறுபது சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பக்கக் கண்ணாடி கணக்கில் வராது. அடிக்கணக்கில் எட்டரை அடி. தன் லாரியை டேப் வைத்து அளந்தார், ஏழரை அடி. பக்கத்துக்கு ஐந்து அங்குலம் பலகை வைத்தால் எட்டடி நாலு அங்குலம். சட்டத்துக்கு உள்ளே இரண்டு அங்குலம் மிச்சமே இருந்தது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கும் காட்டினார், கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

சேலத்தில் தண்ணீர்த் தொட்டியும் பார்க்கில் வைக்கிற வாத்து பொம்மையும் செய்கிற ஒரு ஃபைபர் பட்டறைக்காரர் பலகைகளைச் செய்து கொடுத்தார். ஆரஞ்சு நிறம். ஊரில் யாரும் அதைப் பலகை என்று சொல்லவில்லை. முதல் நாளே றெக்கை என்று பெயர் விழுந்துவிட்டது.

ஒட்டுவதற்கு இடம் தேட வேண்டியிருந்தது. கார்த்திகை மாதத்து மூடுபனியில் வெளியே வைத்து ஒட்டினால் பசை இறுகாது. சுற்றுவட்டாரத்தில் காய்ந்த இடம் என்று இருந்தது எஸ்டேட்டுக்குள் மூட்டை அடுக்குகிற பெரிய ஷெட் ஒன்றுதான். எஸ்டேட்டின் கணக்கும் சாவியும் ரைட்டர் சந்திரசேகர் கையில். அவர் பெரிய மனது பண்ணி இடம் கொடுத்தார். பட்டறைக்காரர் பஸ் ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினார். போல்ட்டு போடலாமே என்று ஜாபெஸ் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"இருவது கொண்டயூசி பெண்டு எறங்கறதுக்குள்ள போல்ட்டு ஆடிக் கழண்டுருமுங்க. இது ஒட்டுனா ஒட்டுனதுதான். வண்டியோட கூடவே பொறந்த மாதிரி நிக்கும்."

சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சேலத்தில் லாரிக்கு எஃப்.சி. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று வருஷா வருஷம் பார்த்துக் கொடுக்கிற சான்று அது. அன்றோடு பழைய சான்று காலாவதி. புதன்கிழமையிலிருந்து எஸ்டேட்டில் காப்பி லோடு ஆரம்பம். எஃப்.சி. இல்லாத வண்டியை ரைட்டர் கேட்டுக்குள் விடமாட்டார். ஜாபெஸின் வண்டி இல்லையென்றால் அந்த வருஷத்து லோடு மொத்தமும் பிரபாகருக்கு. ஆகவே திங்கட்கிழமையே கீழே இறங்கி, வண்டியைக் கழுவித் துடைத்து, மறுநாள் முதல் ஆளாக நிற்பது என்று திட்டம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி ஷெட்டிலிருந்து வெளியே வந்தது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ரூபி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லையே தவிர, மனதுக்குள் ஜெபம் பண்ணிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜாபெஸ் எஸ்டேட் கேட்டுக்கு வந்ததும், பதினைந்து வருஷப் பழக்கத்தில், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கண்ணாடியை மடக்கினார். ரூபி அந்தப் பக்கத்துக் கண்ணாடியை மடக்கினாள். இரண்டு கல் தூண்களுக்கு நடுவில் வண்டி நுழைந்தது.

கிர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. ஜாபெஸ் அந்தச் சத்தத்தைத் தன் பல்லில் உணர்ந்தார்.

கேட்டின் அகலம் எட்டடி. இந்திய தேசத்தின் சட்டத்தை அங்குலம் அங்குலமாக அளந்த மனிதர், தினமும் இரண்டு தடவை நுழைந்து வெளியேறுகிற கேட்டை அளக்கவில்லை. அளப்பானேன்? பக்கத்துக்கு நாலு விரல் இடம் என்று அவர் கைக்கே தெரியும். அந்த நாலு விரலில்தான் அவர் றெக்கையை ஒட்டியிருந்தார்.

கால் மணி நேரத்தில் எஸ்டேட் மொத்தமும் கூடிவிட்டது. காப்பி பறிக்க வந்தவர்கள் கூடையோடு நின்றார்கள். கேட்டுக்கு வெளியே பிரபாகரும் வந்து நின்றான். அவன் தன் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, பீடிகூடப் பற்றவைக்காமல், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ணா, றெக்கை நல்லா வேல செய்யுதுங்க" என்றான். "காலையிலருந்து ஒரு சொட்டு டீசல் செலவாகல பாருங்க."

ஜாபெஸ் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ரைட்டரிடம் போனார்.

"ஏனுங்க ரைட்டர், இந்த எடது தூணை மட்டும் ஒரு நாளைக்கு எறக்கி வெச்சுட்டு, நாளைக்கழிச்சு நானே ஆளு உட்டு நட்டுத் தந்துர்றனுங்க."

சந்திரசேகர் தலையிலிருந்த குல்லாவைச் சரிசெய்துகொண்டார். "எடது தூண்ல மொதலாளியோட தாத்தா பேரு செதுக்கியிருக்குது. அதுல கைய வெச்சா நாளைக்கு எனக்கு வேல இருக்காது. வேணும்னா போன் பண்ணிக் கேக்கறேன். மொதலாளி ஊர்ல இல்ல, எப்ப எடுப்பாரோ தெரியாது."

"அப்ப வலது தூண்?"

எல்லோரும் வலது தூணைப் பார்த்தார்கள். பிறகு கண்ணாயியைப் பார்த்தார்கள். வலது தூண் வெறும் தூண் அல்ல, முனியப்பன். எப்போதோ யாரோ அதன் அடியில் ஒரு பொட்டு வைத்து, பொட்டு வளர்ந்து, இப்போது இடுப்பு உயரத்துக்குக் குங்குமம் பூசியிருந்தது. மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைத்து வந்த குடும்பத்துக்காரி கண்ணாயி. எஸ்டேட்டில் களையெடுப்பு வேலை, வெள்ளிக்கிழமை தோறும் முனியப்பனுக்கு விளக்கு. ரைட்டரின் சாவி செல்லாத ஓர் இடம் அந்த எஸ்டேட்டில் உண்டென்றால் அது வலது தூண்தான்.

"அவரக் கேக்காம என்ன சாமி பண்டறது?" என்றாள் கண்ணாயி. "பூ கட்டிக் கேக்கறேன். வெள்ள வந்தா எடுத்துக்கங்க. செவப்பு வந்தா அவரு நகர மாட்டாரு."

ஓர் இலையில் வெள்ளைப் பூவும் இன்னோர் இலையில் சிவப்புப் பூவும் வைத்துப் பொட்டலமாக மடித்து, சாமி முன்னால் போட்டு, ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் சாமியின் வாக்கு. மலையில் கல்யாணத்துக்கும் இப்படித்தான் கேட்பார்கள், கிணறு வெட்டவும் இப்படித்தான். ஜாபெஸ் தர்மசங்கடத்தோடு ரூபியைப் பார்த்தார். பாஸ்டர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி ரூபியின் முகத்தில் தெரிந்தது. ஆனால் நாளை பத்து மணி என்பதும் தெரிந்தது.

கண்ணாயி காப்பிச் செடிகளுக்குள் போய் இரண்டு பொட்டலங்களோடு வந்தாள். தூணின் அடியில் போட்டாள். "ரூபி கண்ணு, நீ எடு. வேதக்காரங்க எடுத்தா ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இருக்கும்."

ரூபி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சிவப்பு.

"இன்னொருக்கா கேளுங்கம்மா" என்றார் ஜாபெஸ். சட்டம் எட்டரை அடி கொடுத்திருக்கிறது என்று முனியப்பனிடம் அந்தத் தாளைக் காட்ட முடிந்திருந்தால் காட்டியிருப்பார். கண்ணாயி மறுபடி மடித்துப் போட்டாள். ரூபி எடுத்தாள். மறுபடியும் சிவப்பு. கூட்டத்தில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சித்தன் மட்டும் குனிந்து, எடுக்காமல் கிடந்த பொட்டலத்தைப் பிரித்தார். எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர் அவர். எதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"ஏன் ஆயா, இதுலயும் செவப்புத்தான் இருக்குது."

கண்ணாயி கொஞ்சமும் கலங்கவில்லை.

"வெள்ளப் பூவுக்கு எங்க போறது? இந்த மாசத்துல செம்பருத்தியத் தவுத்து இங்க என்ன பூக்குது? ஒண்டிக்கடை பஜாருக்குப் போனா வெள்ளப் பூ கெடைக்கும். போறதுக்கு வண்டி வேணும். வண்டிதான் கேட்டுல மாட்டிட்டு நிக்குதே!"

"ரெண்டும் செவப்புன்னா எப்பிடிங்கம்மா வெள்ள வரும்?" ஜாபெஸுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"முனி நெனச்சா செவப்பே வெள்ளையாகும் சாமி. ஆகலியே! ரெண்டு தடவ கேட்டமில்ல?"

இந்த வாதத்துக்கு உலகத்தில் எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது. சாயங்காலம் வரை மற்ற யோசனைகள் நடந்தன. டயரில் காற்றை இறக்கச் சொன்னார்கள். வண்டி குட்டையாகும், ஒல்லியாகுமா? றெக்கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். றெக்கை சுத்தமாயிற்று, அவ்வளவுதான். சித்தன் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து தன் கவாத்து ரம்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஜாபெஸுக்கு நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி இருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ரூபி அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"மணி ஆறாச்சுங்க. எட்டு மணிக்கு மேல போனா பத்துக்குச் சேர முடியாது. ஒங்களுக்கு றெக்கை வேணுமா, வண்டி வேணுமா?"

ஜாபெஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கு நடந்தார். சித்தன் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார். ஜாபெஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

சித்தன் ரம்பத்தை வைத்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். செடியைப் பார்ப்பது போல லாரியை இரண்டு தடவை சுற்றி வந்தார். எங்கே வெட்டினால் உடம்புக்குக் காயம் படாது என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாய்வாக வைத்து இழுத்தார். ஆரஞ்சுத் தூள் பனியில் பறந்தது. ஜாபெஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கு வலித்தது, நிஜமாகவே வலித்தது. அந்த றெக்கை லாரியில் இருந்தது ஒன்றரை நாள். அதில் ஒரு கிலோமீட்டர்கூட அது ஓடவில்லை.

"மறுபடி துளிர் உடாதுங்களே?" என்றார் சித்தன், வேலையை முடித்து. அவர் கேலி செய்தாரா, பழக்கத்தில் கேட்டாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாரி சேலத்து ஆபீஸ் மைதானத்துக்குள் நுழைந்தது. வெட்டிய றெக்கைகள் பின்னால் கிடந்தன. அவற்றை எஸ்டேட்டிலேயே விட்டு வர ஜாபெஸுக்கு மனம் வரவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் ஜெயகுமாரி லைட்டைப் பார்த்தார், ஹாரனைக் கேட்டார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். லாரியின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீளத் தழும்பு இருந்தது.

"இது என்ன?"

ஜாபெஸ் எல்லாவற்றையும் சொன்னார். சட்டைப் பையிலிருந்த தாளையும் எடுத்துக் காட்டினார். "எட்டடி நாலு அங்குலந்தாங்க மேடம். ரூல்ஸுக்கு உள்ளாறதாங்க இருந்துது."

"அகலம் சரிதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா வண்டியோட உருவத்தை மாத்தறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும். வாங்கினீங்களா? அதோட வந்திருந்தா நான் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். யாரோ உங்களைக் காப்பாத்தியிருக்காங்க."

முனியப்பனா, சித்தனா, முதலாளியின் தாத்தாவா என்று ஜாபெஸ் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் இன்னொன்று கேட்டார்.

"சரி, மலை ஏறும்போது என்ன ஸ்பீடு போவீங்க?"

"பதினஞ்சுங்க மேடம்."

"இறங்கும்போது?"

"இருவது. நல்ல எடத்துல இருவத்தஞ்சு."

"அடிவாரத்திலிருந்து டவுனுக்கு?"

"நாப்பதுக்கு மேல எங்கீங்க போக உடறாங்க?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. "ஹைவேஸ்ல எண்பது தொண்ணூறுல ஓடுற வண்டிக்குத்தான் இது. நீங்க போற வேகத்துல, வண்டி வர்றதே காத்துக்குத் தெரியாதுங்க."

எஃப்.சி. கிடைத்துவிட்டது. ஜாபெஸுக்குச் சந்தோஷம்தான். ஆனால் திரும்பி ஏறும்போது ஏழாவது பெண்டில் அவர் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தார். பனி வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. அசையவே இல்லை. பதினைந்து வருஷமாகக் காற்றோடு மல்லுக்கட்டுவதாக நினைத்திருந்த மனிதருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வெட்கமாக இருந்தது. நல்லவேளை, இது இங்கே யாருக்கும் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்கு எஸ்டேட்டை நெருங்கியபோது கேட்டில் மறுபடியும் கூட்டம். ரூபி கையாட்டினாள். சித்தன் கடப்பாரையோடு இடது தூணின் அடியில் நின்றார். ரைட்டர் சந்திரசேகர் ஓடி வந்தார், முகமெல்லாம் குற்ற உணர்ச்சி.

"மன்னிச்சுக்கங்க ஜாபெஸ். மொதலாளி இப்பத்தான் போன் எடுத்தாரு. என்னயப் புடிச்சு நல்லா ஏசிட்டாரு. டீசல் மிச்சம் பண்ற ஆளுக்கு ஒரு தூணாப் பெருசுன்னு கேட்டாரு. தாத்தா பேரை வேற கல்லுல செதுக்கிக்கலாம், தூணை எடுங்கன்னுட்டாரு. அது மட்டுமில்ல, நம்ம ஜீப்புக்கும் டிராக்டருக்கும் றெக்கை வெக்கச் சொல்லியிருக்காரு. நீங்க மறுபடி புதுசா ஒட்டிக்கங்க. நம்ம ஷெட்டுலயே."

சித்தன் கடப்பாரையை ஓங்கினார்.

ஜாபெஸ் பேசாமல் இருந்திருந்தால் அவர் மானம் பிழைத்திருக்கும். எஸ்டேட் கேட்டையே அகலமாக்க வைத்தவர் என்று பெயரும் வந்திருக்கும். அதற்குமேல் பிரபாகர் வேறு அங்கே நின்றுகொண்டிருந்தான். உலகத்தில் யார் முன்னால் அசடு வழியக் கூடாது என்று அவர் நினைத்திருந்தாரோ அவன் முன்னாலேயே வாயைத் திறக்க வேண்டியிருந்தது. ஆனால் எழுபது வருஷமாக நின்ற கல் தன்னால் விழுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்கண்ணா!" என்று கத்திக்கொண்டே வண்டியிலிருந்து குதித்தார். "ஒடைக்காதீங்க. அந்த றெக்கையால ஒரு மசுரும் ஆகாதுங்க ரைட்டர். இன்ஸ்பெக்டரம்மா சொல்லிட்டாங்க. நாம போற வேகத்துக்கு, வண்டி வர்றதே காத்துக்குத் தெரியாதாம். நான்தான் கூமுட்டையாட்ட நம்பி ஏமாந்துட்டேன். ஆச்சுங்களா?"

ரூபிதான் முதலில் சிரித்தாள். பிறகு கண்ணாயி, பிறகு சித்தன், பிறகு கூடையோடு நின்ற அத்தனை பேரும். ரைட்டர்கூடக் குல்லாவைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். ஜாபெஸ் தலையைக் குனிந்துகொண்டு அவ்வளவையும் வாங்கிக்கொண்டார்.

சிரிக்காத ஆள் ஒருவன்தான், பிரபாகர். அவன் மெல்ல நழுவித் தன் லாரிக்குப் பின்னால் போய், தார்ப்பாயை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தான். எவ்வளவு இழுத்தும் ஓரத்தில் ஒரு வளைவு துருத்திக்கொண்டு நின்றது. புத்தம் புதிய ஃபைபர், பச்சை நிறம்.

ஜாபெஸ் பக்கத்தில் போய் நின்றார். பிரபாகர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டுவதற்கு ஷெட் கேட்கத்தான் வந்திருந்தான் என்பதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரை கிலோமீட்டரைப் பற்றி ஜாபெஸும் கேட்கவில்லை.

"ஏனுங்ணா," பிரபாகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான், "அந்தப் பட்டறைக்காரரு இதையத் திருப்பி எடுத்துக்குவாருங்களா?"

"மாட்டாரு கண்ணு" என்றார் ஜாபெஸ். "மத்தியானம்தான் போயிக் கேட்டுட்டு வர்றேன்."